சிங்கப்பூரின் சுவா சூ காங் இடுகாட்டில் பெட்டியும் சிமெண்டும் இல்லாத அடக்கத்துக்கு ஒரு பகுதி கேட்கலாமா?

தெம்புசு
செவ்வாய், இரவு 9:14

என் அம்மாவுக்கு 83 வயது. போன மாதம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், காலைக் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு என்னை எதிரே உட்காரச் சொன்னார். "என்னை எரிக்க வேண்டாம். பெட்டியில் வைத்து ஆணி அடித்துச் சிமெண்டுக்குள் இறக்கவும் வேண்டாம். ஒரு துணியில் சுற்றி மண்ணில் வைத்துவிடுங்கள். மீதியை மண் பார்த்துக்கொள்ளும்" என்றார். பிறகு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அம்மா ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1962-இல் திருமணமாகி இங்கே வந்தவர். அவர் ஊரில் கல்லறைத் தோட்டம் என்பது பனைமரங்களுக்கு நடுவே மண்மேடுகளும் மரச்சிலுவைகளும்தான். நாலைந்து மழைக்குப் பிறகு மேடு இறங்கித் தரையோடு தரையாகிவிடும். இன்னார் இங்கே இருக்கிறார் என்று வீட்டாருக்குத் தெரியும், அது போதும்.

இங்கே அவர் கண்டது வேறு. என் தாத்தாவை, அப்பாவின் அப்பாவை, 1969-இல் பிடாடாரியில் அடக்கம் செய்தார்கள். அந்த இடுகாடு 1972-இல் மூடப்பட்டது. வீடுகள் கட்டுவதற்காக 2001 முதல் 2006 வரை கல்லறைகளைத் தோண்டியபோது எங்கள் முறையும் வந்தது. அதிகாலையில் நானும் அம்மாவும் போய் நின்றோம். தாத்தா சில எலும்புகளாகியிருந்தார். அவருக்குப் போட்டிருந்த டெரிலின் சட்டை, காலரும் பொத்தானுமாக இருந்தது. பெட்டியின் கைப்பிடிகள் இருந்தன. அம்மா அன்று அழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "சட்டை மட்டும் போகவில்லையே" என்று இரண்டு முறை சொன்னார்.

இப்போதைய ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். நாட்டில் புதைப்பதற்குத் திறந்திருப்பது சுவா சூ காங் ஒன்றே. 1998-இல் வந்த கொள்கைப்படி ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகள். 2007 முதல் கான்கிரீட் சுவர் வைத்த குழிகள், இடைவெளியில்லாமல் வரிசையாக. 735 சதுர கிலோமீட்டருக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய நாட்டில் இதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை.

நான் கேட்பது இதைத்தான்: 15 ஆண்டில் திரும்ப எடுக்கப் போகிறோம் என்று முதல் நாளே தெரிந்திருக்கும்போது, 15 ஆண்டில் மண்ணோடு சேரக்கூடியதை மட்டும் உள்ளே வைத்தால் என்ன? கெடாமலிருக்க மருந்து ஏற்றாத உடல். பருத்தித் துணி, அல்லது மூங்கிலோ பிரம்போ வைத்துப் பின்னிய பாடை. கான்கிரீட் வேண்டாம், பளிங்கு வேண்டாம். மேலே புல், ஓரத்தில் தெம்புசு மரமும் புன்னை மரமும். சுவா சூ காங்கிலேயே ஒரு சிறு பகுதி, எந்தச் சமயத்தாரும் கேட்டுப் பெறக்கூடியதாக.

தேசிய சுற்றுப்புற வாரியத்துக்குக் கடிதம் எழுத நினைக்கிறேன். அதற்கு முன் நம்மவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கரும்பலகை
செவ்வாய், இரவு 10:02

அம்மா நலமாக இருக்கட்டும். ஆனால் கோரிக்கையை நான் ஆதரிக்க மாட்டேன். காரணத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் 2022-இல் மட்டும் 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏறக்குறைய பத்துப் பேரில் எட்டுப் பேரைத் தகனம் செய்கிறோம். அந்த எட்டுப் பேரின் குடும்பங்களும் ஒரு காலத்தில் நிலம் வேண்டும் என்று கேட்டவைதான். சீனக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். முன்னோர் கல்லறை அவர்களுக்கு எவ்வளவு பெரியது! புக்கிட் பிரவுனில் ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள் இருந்தன. அதற்குள் சாலை போனது. 2017-இல் தெங்கா விமானத் தளத்தை விரிவாக்கச் சுவா சூ காங்கிலேயே 80,500 கல்லறைகளை எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். இத்தனை பேர் விட்டுக்கொடுத்த பிறகு, "எனக்கு இயற்கையான முறையில் ஓர் இடம்" என்று கேட்பது எனக்கு உறுத்துகிறது.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மண்டாய் தகனச்சாலையில் நெருப்புக்கும் பிறகு கடலுக்கும் போனவர்கள். என் தந்தையின் அஸ்தியைக் கரைத்த காலையில் எனக்கு ஏற்பட்ட நிறைவை எந்தக் கல்லறையும் தந்திருக்காது. கடல் வேண்டாம் என்பவர்களுக்கு 2021 மே மாதம் முதல் சுவா சூ காங்கிலேயே அமைதித் தோட்டம் இருக்கிறது. சாம்பலை மண்ணில் தூவித் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பெயர்ப்பலகை கிடையாது, எந்தச் சமயத்துக்கும் உரியதல்ல. தொடங்கியபோது கட்டணம் 320 வெள்ளி. மண்ணோடு சேர வேண்டும் என்ற ஆசைக்கு அது போதாதா?

தெம்புசு
செவ்வாய், இரவு 10:31

ஆசிரியரே, அமைதித் தோட்டத்துக்கு நானும் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அழகான இடம். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே வருவதற்கு முன் நெருப்புக்குள் போக வேண்டுமே" என்றார். அவருக்கு நெருப்பு வேண்டாம். அதை நான் எப்படி மாற்றுவது?

இன்னொன்று. சாம்பல் மண்ணுக்கு உரமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தகனச் சாம்பல் என்பது பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். காரத்தன்மை மிகுந்தது, உப்பும் அதிகம். ஓரிடத்தில் குவித்தால் செடி கருகும். உடலில் செடிக்குப் பயன்படக்கூடிய தழைச்சத்து முழுவதும் சூளையிலேயே புகையாகப் போய்விடுகிறது. மண்ணுக்குள் முழுதாக வைக்கும் உடல் மண்ணுக்கு உணவு.

கடையநல்லூர்ப் பேரன்
புதன், காலை 6:48

ஃபஜ்ர் தொழுதுவிட்டு இந்த இழையைப் படித்தேன். அக்கா, உங்கள் அம்மா கேட்பது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் எல்லோருக்கும் நடப்பது அதுதான்.

என் அத்தா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை சுப்ஹுக்கு முன். நானும் தம்பியும் சிறிய தந்தையும்தான் குளிப்பாட்டினோம். கற்பூரம், மூன்று துண்டு வெள்ளைத் துணி. பெண்களுக்கு ஐந்து. மருந்து ஏற்றுவது என்ற பேச்சே இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் சுவா சூ காங்கில் இருந்தோம். குழியில் கான்கிரீட் சுவர் உண்டு. ஆனால் உடல் கிடப்பது மண்ணில். வலப்புறமாகச் சாய்த்து, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்க்க வைத்து, கன்னம் மண்ணில் படும்படி முகத்துணியைக் கொஞ்சம் விலக்கினோம். அந்தக் கன்னத்தை மண்ணில் வைத்தது என் கை. பிறகு ஆளுக்கு மூன்று கைப்பிடி மண். நீங்கள் "இயற்கையான அடக்கம்" என்று பெயர் வைத்துக் கேட்பது எங்கள் வீட்டில் பெயரில்லாமல் நடந்துவருகிறது.

ஆகவே ஆசை தவறு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் என் மனத்தில் ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எங்களுக்கு அடக்கம் கடமை. தகனம் என்ற மாற்று எங்களுக்குக் கிடையாது. 15 ஆண்டுக்குப் பிறகும் எங்கள் எலும்புகளை எடுத்துச் சிறிய குழிகளில் மறுபடியும் அடக்கம்தான் செய்கிறார்கள். சுவர்க்குழி முறை வந்தபோது எங்கள் பெரியவர்கள் எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அப்படிச் செய்தால்தான் நம் பிள்ளைகளுக்கும் மண் மிஞ்சும் என்பது. இப்போது விருப்பத்தின்பேரில் புதைக்கக் கேட்பவர்களுக்குத் தாராளமாக இடைவெளி விட்டு ஒரு பகுதி ஒதுக்கினால், அந்த நிலம் யார் பங்கிலிருந்து வரும்? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் கடிதத்தில் நானும் கையெழுத்திடுகிறேன்.

ஊதுவத்தி
புதன், காலை 11:20

இருபத்தாறு ஆண்டுகளாக இறுதிச்சடங்குத் தொழிலில் இருக்கிறேன். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், சில பௌத்தக் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் செய்திருக்கிறேன். நாள்தோறும் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மருந்து ஏற்றுவது சட்டத்தால் அல்ல, நாட்களால் வந்தது. அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் மூன்று நாள், ஐந்து நாள் உடலை வைக்கும் குடும்பங்களுக்கு இந்த வெயிலில் வேறு வழியில்லை. உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்புவதாக இருந்தாலும் தேவைப்படும். ஆனால் பாய் சொன்னதுபோல அன்றைக்கே அடக்கம் என்றால் எதற்கு மருந்து? இந்துக் குடும்பங்களிலும் காலையில் இறந்தவரை மாலைக்குள் மண்டாய்க்குக் கொண்டுபோவது வழக்கம்தானே. ஒரு நாள் தள்ளினால் ஐஸ் பெட்டி போதும். அந்த மருந்தில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். அதை மூக்கில் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் நாங்கள். கேட்காதவருக்கு ஏற்றக்கூடாது என்பது என் கொள்கை. தொழிலில் எல்லோரும் அப்படியில்லை. "கட்டாயம்" என்று சொல்லி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கோபம் உண்டு.

பெட்டிக்கு வருவோம். கடைகளில் பளபளப்பாக இருப்பது பெரும்பாலும் அழுத்திய மரத்தூள் பலகை, மேலே மரம்போன்ற தாள், உள்ளே செயற்கைப் பட்டு, நுரை மெத்தை, உலோகம் பூசிய பிளாஸ்டிக் கைப்பிடி. தெம்புசு அக்கா, நீங்கள் பிடாடாரியில் பார்த்த சட்டை இனிமேல் தோண்டும் எல்லாக் குழியிலும் இருக்கும். மெருகு பூசாத சாதாரணப் பலகைப் பெட்டி கேட்டால் செய்து தருவார்கள். விலையும் குறைவு. யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கூடியிருப்பவர்கள் பார்ப்பார்களே என்ற கவலை. அம்மாவை மலிவான பெட்டியில் வைத்தான் என்று ஊர் பேசும் என்று பயந்து, கடன் வாங்கிப் பெட்டி எடுத்த மகனைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் கலங்கியது.

அதனால் அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து வேண்டாம், பருத்தி உடை, வெறும் பலகைப் பெட்டி: இந்த மூன்றும் இன்றைய விதிக்குள்ளேயே முடியும். அனுமதி தேவைப்படுவது சுவரில்லாத குழிக்கும் பெட்டியில்லாமல் இறக்குவதற்கும்தான்.

வடிகால்
புதன், இரவு 8:55

ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளன். மண்ணும் நீரும்தான் என் வேலையாக இருந்தது. தெம்புசு அவர்களின் நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே கடிதத்தில் சில இடங்களைத் திருத்த வேண்டும் என்று விரும்புகிறேன். இப்படியே அனுப்பினால் முதல் பார்வையிலேயே மடக்கிவிடுவார்கள்.

முதலில் எலும்பு. 15 ஆண்டில் எல்லாம் மண்ணாகிவிடும் என்ற தொனி உங்கள் பதிவில் இருக்கிறது. தசை போகும், துணி போகும், மூங்கில் போகும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அவை வேகமாகவே போகும். பெரிய எலும்புகளும் பற்களும் போகாது. அமில மண்ணில் கரையும், ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகவே "தோண்டவே வேண்டியிருக்காது" என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது ஆழம். மண்ணில் உயிர் இருப்பது மேல்மட்டத்தில். காற்றுப் புகும் இடத்தில்தான் நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆறடி ஆழத்தில், அதுவும் களிமண்ணில், நீர் தேங்கினால் உடல் மெழுகுபோல் ஆகிப் பல்லாண்டு அப்படியே கிடக்கும். பிற நாடுகளில் இயற்கை அடக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமே தோண்டுவது இதனால்தான். இங்கே ஒரு மணி நேரத்தில் கொட்டும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடுகாட்டைச் சுற்றி மேற்குப்புற நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாங்கான இடம், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே போதிய மண், ஓரத்தில் வடிகால், அவ்வப்போது நீர்ச் சோதனை. இந்த நான்கும் இல்லாமல் யாரும் அனுமதி கொடுக்கக்கூடாது, நானே கொடுக்கமாட்டேன்.

இடைவெளி. பாய் கேட்டது சரியான கேள்வி. கான்கிரீட் சுவர் இருப்பதால்தான் குழிகளை ஒட்டி ஒட்டி வைக்க முடிகிறது. சுவரில்லாத குழிகளுக்கு நடுவே மண்திட்டு விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குழி தோண்டும்போது பக்கத்துக் குழி சரியும். எனவே ஒரு தலைக்கு நிலம் கூடுதலாகத்தான் ஆகும். இதை மறைக்காமல் கடிதத்தில் எழுதுங்கள்.

கடைசியாக மரம். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு மரம் என்று நட்டால் அந்த நிலத்தை மறுபடியும் திறக்க முடியாது, வேர்கள் தடுக்கும். நீங்கள் "ஓரத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சரி. அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தெம்புசு
புதன், இரவு 11:40

வடிகால் ஐயா, எலும்பைப் பற்றி நான் எழுதியது தவறுதான், திருத்திக்கொள்கிறேன். ஆழத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும் தாத்தாவின் குழி நினைவுக்கு வந்தது. அங்கே சேறுதான் இருந்தது. தோண்டியவர்கள் முழங்கால்வரை நனைந்திருந்தார்கள்.

பாய், உங்கள் கேள்வியை நாள் முழுவதும் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும்போதும் அதேதான். முஸ்லிம்களுக்கு உரிய நிலத்திலிருந்து ஓர் அங்குலம்கூட இதற்கு வரக்கூடாது. இதை முதல் வரியாகவே எழுதுவேன். நான் கேட்க வேண்டியது புதிய நிலம் அல்ல. இப்போதே பெட்டியோடு புதைக்க விண்ணப்பிக்கும் கிறிஸ்தவர், இந்து, சீனர் குடும்பங்களுக்கு எப்படியும் ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். அவர்களில் விரும்புகிறவர்களுக்கு அந்த இடத்தைச் சுவரில்லாமல் தரலாமா என்பதுதான் கேள்வி. கூடுதலாகும் அளவை எப்படி ஈடுகட்டுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. 15 ஆண்டு என்பதைக் குறைத்துப் பத்தாக ஒப்புக்கொள்ளலாமா? அம்மாவிடம் கேட்டேன். "எத்தனை ஆண்டு என்பது உனக்குத்தான், எனக்கு என்ன?" என்கிறார்.

இங்கிலாந்தில் கார்லைல் நகரத்து இடுகாட்டில் 1993-இல் கென் வெஸ்ட் என்ற அதிகாரி இதைத் தொடங்கினார். தனியார் காடு அல்ல, செல்வந்தர் தோட்டம் அல்ல, நகராட்சியின் சாதாரண இடுகாட்டில் ஒரு மூலை. இடுகாட்டை நடத்தும் அலுவலகமே செய்தது. அதனால்தான் நம் வாரியத்திடம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வடிகால்
வியாழன், காலை 7:15

ஈடுகட்ட ஒரு வழி இருக்கிறது, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில், குறிப்பாகத் தெற்கு ஆஸ்திரேலியாவில், கல்லறையைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருகிறார்கள். காலம் முடிந்து குடும்பம் புதுப்பிக்காவிட்டால், எலும்புகளைப் பக்குவமாக எடுத்து, அதே குழியை இன்னும் ஆழமாக்கி, அடியில் வைத்து மூடி, மேலே புதியவரை அடக்கம் செய்கிறார்கள். எலும்பு வேறெங்கும் போவதில்லை. இறந்தவர் அதே மண்ணில் கொஞ்சம் கீழே இறங்குகிறார், அவ்வளவுதான்.

எலும்பு மட்டும் கீழே இருப்பதால் நீர் மாசும் பெரிய கவலையில்லை. கான்கிரீட்டும் பளிங்கும் இல்லாத குழியாக இருந்தால் இந்த வேலை எளிது. ஒரே இடம் இரண்டு தலைமுறைக்கு, மூன்று தலைமுறைக்குப் பயன்படும். எரித்து அஸ்தியை மாடத்தில் வைக்கும் செலவும் இல்லை. மண்திட்டால் இழக்கும் நிலத்தை இதில் மீட்டுவிடலாம் என்பது என் மதிப்பீடு.

கடையநல்லூர்ப் பேரன்
வியாழன், பிற்பகல் 1:30

எங்கள் ஊர் மையவாடியில், அதாவது இடுகாட்டில், இப்படித்தான். பழைய கப்ரை, அந்தக் குழியை, திறந்து எலும்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அதிலேயே அடுத்தவரை வைப்பார்கள். என் பாட்டனார் எந்தக் குழியில் இருக்கிறார் என்று கேட்டால், "உன் கொள்ளுப்பாட்டனார் குழியில்தான்" என்பார்கள். சிறுவயதில் அதைக் கேட்டபோது எனக்கு எந்தப் பயமும் வரவில்லை, ஏதோ குடும்ப வீட்டைப்போலத் தோன்றியது.

அக்கா, முதல் வரி அப்படியே இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறேன்.

இரவுப்பணி
வெள்ளி, அதிகாலை 3:05

தாதியாக இருக்கிறேன். வலி நிவாரணப் பராமரிப்புப் பிரிவில் பதினோராவது ஆண்டு. இப்போது வார்டு அமைதியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு மருத்துவ விஷயங்கள். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்குத் தகனத்துக்கு முன் அதை எடுத்துவிடுவோம், சூட்டில் அதன் மின்கலம் வெடிக்கும். மண்ணில் வைப்பவர்களுக்கும் எடுத்துவிட வேண்டும் என்று கடிதத்தில் சேருங்கள், மின்கலம் மண்ணுக்கு ஆகாது. இன்னொன்று தொற்று. கோவிட் காலத்தில் இறந்தவர்களை இரட்டைப் பையில் வைத்து, காற்றுப் புகாத பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினோம். குடும்பத்தார் கடைசியாக ஒருமுறை தொடக்கூட முடியவில்லை. அப்படிப்பட்ட நோய்களுக்கு விலக்கு இருக்கும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். கேட்பவர்களுக்கு நம்பிக்கை வரும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இந்த இழையின் முதல் பத்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் உங்கள் அம்மா சொன்னார், நீங்கள் கேட்டீர்கள். என் வார்டில் பெரும்பாலான பெரியவர்களிடம் யாரும் கேட்பதில்லை. "அபசகுனமாகப் பேசாதே அம்மா" என்று பிள்ளைகள் வாயை மூடிவிடுகிறார்கள். இரவில் என்னிடம் சொல்கிறார்கள். ஒரு தாத்தா, வேட்டி கட்டித்தான் போக வேண்டும், சூட்டு வேண்டாம் என்றார். ஒரு பாட்டி, வளையலைக் கழற்றாதே என்றார். நான் அதைக் குறித்துவைத்துக் குடும்பத்திடம் சொல்வேன். சிலர் கேட்பார்கள். சிலர் என்னைக் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாரியம் அனுமதி தருகிறதோ இல்லையோ, படிக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரம் வீட்டில் ஒருவரிடமாவது கேளுங்கள்.

கரும்பலகை
வெள்ளி, மாலை 5:50

நான் இன்னும் தகனத்தின் பக்கம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததைக் காட்டி ஒரு தாயின் கோரிக்கையைச் சுயநலம்போல எழுதியது சரியல்ல. மன்னியுங்கள்.

அம்மா ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்றீர்கள். வரலாறு கற்பிக்கிறவனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சும்மா இருக்க முடியாது. அதற்குப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். நம் முன்னோர் இறந்தவர்களைப் பெரிய மண்தாழிகளில் வைத்துப் பொருநை ஆற்றங்கரையில் இறக்கிய இடம். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் அங்கே அகழ்ந்தார். 2004-இல் தொல்லியல் துறை மறுபடியும் தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. தாழியும் மண், உள்ளே வைத்த நெல்லும் மண்ணில் விளைந்தது. எரித்தார்கள், புதைத்தார்கள், தாழியில் கவிழ்த்தார்கள், எல்லாம் நம்மவர்கள்தான், ஒரே காலத்தில். நெருப்பு ஒன்றே நம் வழக்கம் என்று நான் வகுப்பில் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஒரு திருத்தம் மட்டும். கடிதத்தில் "சுற்றுச்சூழலுக்குத் தகனம் கெடுதல்" என்று எழுதாதீர்கள். எரிபொருள் செலவாகிறது, பல்லில் அடைத்த பாதரசம் புகையில் போகிறது, இவை உண்மை. ஆனால் எட்டுப் பேரின் வழியைக் குறை சொல்லி இரண்டு பேரின் வழியைக் கேட்காதீர்கள்.

தெம்புசு
வெள்ளி, இரவு 8:20

அந்த வரியை எடுத்துவிட்டேன், ஆசிரியரே. மன்னிப்பு எதற்கு? நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. முதல் வரி பாய்க்குக் கொடுத்த வாக்கு. பிறகு கேட்பவை: விண்ணப்பிப்பவர்களுக்குச் சுவரில்லாத குழி, ஒரு மீட்டர் ஆழம், மேட்டு நிலத்தில் முதலில் இருபதே குழிகளைக் கொண்ட ஒரு சோதனைப் பகுதி, ஐந்து ஆண்டுக்கு நீர்ச் சோதனை, காலம் முடிந்ததும் எலும்பை அதே குழியில் கீழே இறக்குவது. தொற்று விலக்கும் மின்கலமும் சேர்த்தாயிற்று. கல் வேண்டாம், பெயர் பதிவேட்டில் இருந்தால் போதும். ஓரத்தில் நடும் மரங்களை நாட்டு மரங்களாகத் தேர்ந்தெடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் யோசனையைக் கேட்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் தனிமடல் அனுப்புங்கள். திங்கட்கிழமை அனுப்பப் போகிறேன்.

ஊதுவத்தி
வெள்ளி, இரவு 9:05

என் பெயரையும் சேருங்கள் அக்கா. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். துணியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓரத்தை எரித்துப் பாருங்கள். பருத்தியானால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். செயற்கை நூல் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாகும். கடையில் பருத்தி என்றுதான் சொல்வார்கள்.

தெம்புசு
சனி, காலை 10:45

இன்று காலை அம்மாவும் நானும் அலமாரியைத் திறந்து சேலைகளை எல்லாம் கட்டிலில் பரப்பினோம். நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றிலும் ஓரத்து நூல் ஒன்றை இழுத்து விளக்கில் காட்டிப் பார்த்தோம், தம்பி. ஐந்து சேலை உருகியது. அம்மாவுக்கு மிகவும் பிடித்த மாம்பழ நிறச் சேலையும் அதில் ஒன்று. அதை என் மகளுக்கு என்று தனியே எடுத்து வைத்துவிட்டார்.

எரிந்து சாம்பலானது ஒரு சுங்குடிச் சேலை. 1980-களில் மதுரையில் வாங்கியது, கருநீலம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கிறது. கரையில் மட்டும் சரிகை ஓடியது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் அந்தச் சரிகையை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் செய்து தருகிறேன் என்றதற்கு, இது என் வேலை என்றார்.